ஆட்டோ சீட்டில் கண்ணாடிக் கணவாய்

புதிதாக எதையாவது படிக்க ஆரம்பித்தவரிடம் வீட்டார் கொஞ்ச நாள் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. நான் விலங்கியல் முதுகலையில் சேர்ந்த வருடம் எங்கள் கல்மண்டபம் வீட்டில் யாரும் நிம்மதியாக மீன் சாப்பிடவில்லை. தட்டில் விழுந்த ஒவ்வொன்றுக்கும் வரிசை, குடும்பம், பேரினம் என்று வகுப்பெடுப்பேன். (நான் தூங்கியபிறகுதான் அம்மா வஞ்சிரத்தை வெளியே எடுத்தார் என்பது பின்னாளில் தெரிந்தது.)

என் ஆய்வுக்கு ஒரு கண்ணாடிக் கணவாய் தேவைப்பட்டது. ஆழ்கடலில் வாழும், உடம்பின் வழியே அந்தப் பக்கம் தெரியும் கணவாய்; எங்கள் பக்கத்தில் கடம்பா என்போம். அது கிடைக்காவிட்டால் வேறு தலைப்பு எடுத்துக்கொள் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். விசைப்படகில் போகும் சித்தப்பா ஒருநாள் காலையில் கொண்டுவந்தே விட்டார். விரல் நீளம்தான். கடல்நீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டதும் மிளகு போல இரண்டு கண்கள் மட்டும் மிதந்தன.

குளித்துவிட்டு வரும்வரை பூனைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று அதை மாதா சுரூபத்தின் பக்கத்தில் வைத்தேன். திருவிழாவில் அம்மா பிடித்து வரும் தீர்த்தமும் அங்கேதான், அதே மாதிரி டப்பாவில்தான் இருக்கும் என்பது இந்த விஞ்ஞானியின் மூளைக்கு எட்டவில்லை.

அன்று பார்த்து அண்ணன் புது ஆட்டோவை முதல் சவாரிக்கு எடுக்கிறான். நான் வந்து பார்த்தபோது, அம்மா ஜெபம் சொல்லி டப்பாவை ஆட்டோவுக்குள் கவிழ்த்து முடித்திருந்தார். யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் அந்தக் கணவாயின் தற்காப்பு. அம்மாவிடமும் அது பலித்துவிட்டது. அண்ணன் ஈரத்தைத் துடைக்கப் பின்சீட்டில் உட்கார்ந்தான். உடனே எழுந்தான்.

"இன்னாமா தீர்த்தம் இது? மூத்தர நாத்தம் அடிச்சிகினு கீது."

"வாய கழுவுடா. மாதா தீர்த்தம்டா அது," என்றார் அம்மா, தன் மூக்கைப் பொத்திக்கொண்டே.

எனக்குப் புரிந்துவிட்டது. இந்த வகைக் கணவாய் அம்மோனியா கலந்த திரவத்தை உடம்புக்குள் தேக்கி வைத்துத்தான் மூழ்காமல் மிதக்கும். அண்ணன் உட்கார்ந்ததில் கணவாய் உடைந்து அந்தத் திரவம் கொட்டிவிட்டது. தலையில் ஈரத் துண்டோடு நடுத்தெருவில் நின்று, "ஐயோ, அது கிராங்கிடே குடும்பம்ணா," என்று அழுதேன்.

"எந்த குடும்பமா இருந்தா இன்னா? இதுல இனிமே சவாரி யாரு ஏறுவா?"

என் அழுகை நிற்காததைப் பார்த்து அவன் குரல் இறங்கியது. "சரி, அழுவாத. எத்த எடுக்கணும், சொல்லு."

"கண்ண. கண்ணுக்கு அடில வெளிச்சம் வுடுற உறுப்பு கீது. அத வச்சித்தான் இன்னா வகைன்னு சொல்ல முடியும்."

குனிந்து, சீட் மடிப்பில் துழாவி, இரண்டு கண்களையும் நசுங்காமல் எடுத்தான். முதல் சவாரியை விட்டுவிட்டு என்னைக் கல்லூரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் தலையை வெளியே நீட்டிக்கொண்டுதான் ஓட்டினான். பேராசிரியை நுண்ணோக்கியில் பார்த்துப் பேரினத்தைச் சொன்னார். என் தலைப்பு பிழைத்தது. அண்ணன்மேல் அன்று வந்த பாசம் இன்றுவரை குறையவில்லை.

அவனும் எதையும் மறக்கவில்லை. என் கல்யாணத்தில் தாலியை மந்திரிக்க ஃபாதர் தீர்த்தத்தைக் கையில் எடுத்தார். கோயிலே அமைதியாக இருந்தது. முன்வரிசையிலிருந்து அண்ணன் குரல் மட்டும் கேட்டது.

"ஃபாதர், எதுக்கும் ஒரு தபா மோந்து பாத்துக்கோங்க."