அளவுச் செம்மல்

குளியல் தொட்டியின் ஓரத்தில் முழங்காலிட்டுப் பழைய பல்துலக்கியால் சங்கிலியைத் தேய்த்துக்கொண்டிருந்த விஜயரத்தினம், அதன் நடுவில் மூன்று வளையங்கள் ஒன்றாக நெருக்கிக் கட்டப்பட்டிருப்பதைக் கண்டார். கட்டியிருந்தது மஞ்சள் நூல். நூலுக்குள் ஒரு மஞ்சள் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த சந்தனம்.

"காந்தி!"

மனைவி சந்திரகாந்தி அகப்பையும் கையுமாக ஓடிவந்தாள்.

"இது என்ன?"

"காப்பு நூல்."

"சங்கிலிக்கோ?"

"நாலு மாட்ச் தொடர்ந்து தோத்துப்போனாங்கள் எண்டு நீங்கள்தானே சோறும் தின்னாமல் இருந்தனீங்கள்? வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய் ஐயரிட்டைக் குடுத்து ஒரு அர்ச்சனை செய்விச்சனான். காருக்குச் செய்யலாம், சங்கிலிக்குக் கூடாதோ? பாத்தீங்களே, இண்டைக்கு வெண்டிட்டாங்கள்!"

வென்றுவிட்டார்கள் என்பதுதான் பிரச்சினை.

விஜயரத்தினம், ஜெர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனின் 'ரூர் ஹாமர்ஸ்' அணியின் மைதானத்தில் சங்கிலித் தலைவர். அமெரிக்க உதைபந்தாட்டம் என்று பெயர். பந்தை உதைப்பது அபூர்வம், ஆளை இடிப்பது தாராளம். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். சந்தேகம் வந்தால், இரண்டு கம்புகளுக்கு நடுவே பூட்டிய பத்துக் கெஜச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் போய் அளப்பார்கள். எட்டுத் தடியர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடக்கையில் பந்து எங்கே நின்றது என்பதை, இருபது அடி தள்ளி நின்ற நடுவர் ஒரு குத்துமதிப்பில் காலால் காட்டுவார். அந்தக் குத்துமதிப்பை மில்லிமீற்றர் சுத்தமாக அளந்து கொடுப்பது விஜயரத்தினத்தின் பொறுப்பு.

வாரநாட்களில் அவர் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை செம்மஞ்சள் அங்கியை மாட்டிவிட்டால் நீதிதேவன். தேர் வடத்தைப் பிடிப்பதுபோலக் கம்பைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்து வரும்போது பன்னிரண்டாயிரம் பேர் மூச்சை அடக்குவார்கள். பதவி கிடைத்த நாளிலிருந்து மூன்று வருடமாகச் சங்கிலி அவர் வீட்டு நிலவறையான கெல்லரில்தான், பட்டுத்துணிக்குள், இருக்கிறது. கழகத்தில் யாரையும் அவர் நம்புவதில்லை.

"இதை எப்பவாவது அளந்து பாத்தனீங்களோ அண்ணை?" என்று ஒருதடவை யாரோ கேட்டார்கள்.

"சங்கிலியை ஏன் அளக்கிறது? சங்கிலிதான் அளவு" என்றார்.

அப்படிப்பட்டவர். தமிழர் ஒன்றிய விளையாட்டு விழாவில் தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்தில் முதலாவதாக வந்த சொந்த மைத்துனன் லவனை, கட்டைவிரல் தேசிக்காயில் பட்டது என்று சொல்லி நூற்றைம்பது பேர் முன்னிலையில் நீக்கியவர். லவன் அன்றிலிருந்து அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒன்றியமோ மெச்சிப்போய், வருகிற சனிக்கிழமை விஜயரத்தினத்துக்குப் பொன்னாடை போர்த்தி 'அளவுச் செம்மல்' பட்டம் கொடுக்க மண்டபம் எடுத்துவிட்டது. நோட்டீஸும் அடித்தாயிற்று.

இந்த நிலையில்தான் இன்று மத்தியானம் ஹனோவர் அணியோடு ஆட்டம். கடைசி நிமிடம், நான்காவது முயற்சி, சந்தேகம். விஜயரத்தினம் நடந்துபோய் அளந்தார். பந்தின் மூக்கு கம்பைத் தாண்டி இரண்டு விரற்கடை நின்றது. ஹாமர்ஸ் வென்றது. ஹனோவர் பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றி மிதித்தார். "சங்கிலி பொய் சொல்லாது" என்று விஜயரத்தினம் அவரிடம் டொச்சு மொழியில் சொல்லிவிட்டு வந்தார்.

"மூண்டு வளையத்தைச் சேர்த்துக் கட்டினால் சங்கிலி கட்டையாப் போகுமெண்டு உமக்குத் தெரியாதே?" என்றார் இப்போது.

"எவ்வளவு கட்டை? ஒரு சாணும் வராது."

"நாங்கள் வெண்டது இரண்டு விரலாலை!"

"அப்ப பிள்ளையார் மிச்சத்தையும் சேர்த்துத்தான் தந்திருக்கிறார்" என்றாள் சந்திரகாந்தி.

நூலை வெட்டி எறிந்தார். சந்தனமும் மஞ்சளும் போகவில்லை. பல்துலக்கியின் மயிர்தான் போயிற்று.

"தலையணை உறைக்குள்ளை போட்டு மெஷினிலை விடுங்கோ. தொண்ணூறு பாகைச் சூட்டிலை விட்டால் மஞ்சள் கழரும்."

யோசிக்க நேரமிருந்தால் மறுத்திருப்பார். சங்கிலி மெஷினுக்குள் போனது. ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் தொலைபேசி அடித்தது. லீக் விதிமுறைப் பிரிவிலிருந்து ஹெர் பிரிங்மான்.

"ஹனோவர் அணி எழுத்தில் ஆட்சேபம் கொடுத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு டெர்மின் குறித்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்கே வந்து சங்கிலியை அளப்பேன். அதுவரை யாரும் அதைத் தொடக்கூடாது. இப்போது அது எங்கே?"

"மூடிய இடத்தில். பத்திரமாக."

மெஷின் பிழியத் தொடங்கியது. தகரக்கொட்டகைமேல் தேங்காய் விழுகிற சத்தம், நிமிடத்துக்கு எண்ணூறு தேங்காய்.

"அது என்ன சத்தம்?"

"அயலவர்கள். ஞாயிற்றுக்கிழமை அமைதி விதியை மீறுகிறார்கள். நான் எழுதிக் கொடுப்பேன்" என்றார் விஜயரத்தினம்.

தொலைபேசியை வைத்ததும் கதவு மணி. மேல்வீட்டுப் பார்த்தசாரதி. கோயம்புத்தூர்க்காரர், மெக்கானிகல் இன்ஜினியர். கையில் படிக்கட்டுச் சுவரிலிருந்து உரித்த அறிவித்தல். கீழே விஜயரத்தினத்தின் கையொப்பம்.

"சார், சண்டே சத்தம் போடக்கூடாதுன்னு நீங்கதானே ஒட்டுனீங்க? மேல டம்ளரெல்லாம் நடந்து போகுது. பூகம்பம்னு என் வைஃப் நிருபமா பாஸ்போர்ட்டைக் கையில எடுத்துட்டா."

விஜயரத்தினம் அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். மெஷின் அதற்குள் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. இனி அது சுற்றப்போவதில்லை என்பது அந்தப் பெருமூச்சிலேயே தெரிந்தது. சங்கிலி பளபளவென்று வந்தது. குசினியிலிருந்து நடையைத் தாண்டி, ஹாலின் பல்கனிக் கதவுவரை நீட்டினார்கள். பார்த்தசாரதி ஒரு நுனியில், விஜயரத்தினம் மறுநுனியில் அளவுநாடாவோடு.

ஒன்பது மீற்றர் பதினான்கு சென்ரிமீற்றர் நான்கு மில்லிமீற்றர் இருக்க வேண்டும். எட்டு மீற்றர் தொண்ணூற்றெட்டுத்தான் இருந்தது.

"நூலைத்தான் வெட்டிப்போட்டமே!" என்றாள் சந்திரகாந்தி.

விஜயரத்தினம் மெஷினைப் பார்த்தார். "தொண்ணூறிலை விட்டனீர். சுருங்கிப்போச்சு."

"சார், அது ஸ்வெட்டர் இல்ல, ஸ்டீல். ஸ்டீல் சுருங்காது. ஹீட் பண்ணா எக்ஸ்பேண்ட்தான் ஆகும்."

"எண்டால் சூடாக்கினால் நீளுமோ?"

"தியரிப்படி நீளும். ஆனா சார்..."

'ஆனா'வுக்குப் பிறகு வந்ததை விஜயரத்தினம் கேட்கவில்லை. திங்கள் வேலையால் வந்ததும் சங்கிலியைப் பாம்புபோலச் சுருட்டித் தட்டில் வைத்து, ஓவனுக்குள் இருநூற்றைம்பது பாகையில் முக்கால் மணித்தியாலம் வேகவைத்தார். புகை எழும்பிச் சுவரிலிருந்த எச்சரிக்கைப் பெட்டி அலறியது. கையுறை போட்டு அளந்தார்கள். இரண்டரைச் சென்ரிமீற்றர் நீண்டிருந்தது!

"பாத்தீரே!" என்றார் சந்திரகாந்தியிடம்.

அவள் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் சங்கிலியும் ஆறி, பழைய அளவுக்கே போய்ப் படுத்துக்கொண்டது. நிறம் மட்டும் திரும்பவில்லை. மைதானத்தில் வெள்ளி போலிருந்தது, இப்போது கருகிய பிட்டுக் குழல்போல இருந்தது.

"சார், பேசாம உண்மையைச் சொல்லிடலாமே? கோயில் நூல், கல்ச்சர்னு சொன்னா ஜெர்மன்காரங்க புரிஞ்சுப்பாங்க."

"தம்பி, கட்டைவிரல் பட்டதெண்டு ஒருத்தனை நீக்கினவன் நான். எனக்கு மன்னிப்பு இல்லை. வெற்றியும் போகும், அங்கியும் போகும். சனிக்கிழமை பொன்னாடையை என்ரை முகத்திலை போடுவாங்கள்."

அண்ணாந்து கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர், அப்படியே நின்றார்.

சாமிப்படத்துக்கு முன்னால் தூக்கு விளக்கு தொங்கியது. இந்த வீட்டுக் குடிபூரல் அன்று லவன் ஏணி போட்டு மாட்டிக் கொடுத்தது. விளக்கின் சங்கிலி பித்தளை. ஆனால் கொளுக்கியோடு சேருகிற மேல் நான்கு வளையங்கள் மட்டும் உருக்கு.

"அதை இறக்கும்" என்றார்.

"விளக்கையோ? ஐயோ, கூடாது!"

"உம்மடை பிள்ளையார்தானே கட்டையாக்கினவர்? அவரே நீட்டித் தரட்டும்."

முதலில் அவர் செம்மஞ்சள் அங்கியை எடுத்துச் சுவரில், போன வருடம் கிண்ணம் வென்றபோது கழகம் கொடுத்த பட்டயத்தின்மேல் மறைப்பாகத் தொங்கவிட்டார். அதன் கண்முன்னால் இதைச் செய்ய அவருக்குத் துணிவு வரவில்லை. பிறகு குறட்டைக் கையில் எடுத்தார். வாழ்நாளில் வாகனமில்லாத தெருவில்கூடச் சிவப்பு விளக்கைக் கடந்தவரில்லை. கண்ணை இறுக்கிக்கொண்டு விளக்கின் உருக்கு வளையங்களைக் கழற்றினார்.

வளையங்கள் நான்கும் அளவெடுத்துச் செய்ததுபோலப் பூட்டிக்கொண்டன. அதே தடிப்பு, அதே வளைவு. நாடாவைப் பிடித்தார்கள்.

ஒன்பது பதினான்கு, நாலு மில்லிமீற்றர்.

"எப்படி சார்?" என்றார் பார்த்தசாரதி. ஒருதடவை இல்லை, மூன்று தடவை அளந்தார். இன்ஜினியர் மனதுக்கு ஏதோ இடித்தது. "இவ்வளவு கரெக்டா எப்படி...?"

சந்திரகாந்தி சூடம் ஏற்றப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு, நான்கு அடிக்கும்போதே, ஹெர் பிரிங்மான் வந்தார். சிறிய மனிதர், பெரிய பெட்டி. பெட்டியைத் திறந்தால் வெல்வெட்டுக்குள் முத்திரை குத்திய அளவுநாடா. முழங்காலில் நடையெங்கும் தவழ்ந்து அளந்தார். திரும்பித் தவழ்ந்து மறுபடி அளந்தார். விஜயரத்தினம் அங்கியோடு விறைத்து நின்றார்; பட்டயம் மறுபடி வெளிச்சத்துக்கு வந்திருந்தது.

"இந்த நான்கு வளையங்கள் மட்டும் ஏன் மினுங்குகின்றன?"

"அந்த இடத்தில்தான் கை பிடிப்பேன். துடைத்துத் துடைத்து..."

பிரிங்மான் எழும்பி முழங்காலைத் தட்டினார். "மில்லிமீற்றர் பிசகவில்லை. ஆட்சேபம் தள்ளுபடி. இருபது வருடத்தில் இப்படி ஒரு சங்கிலியை நான் கண்டதில்லை, ஹெர் விஜயரத்தினம். உங்களை இறுதியாட்டத்துக்கும் சிபாரிசு செய்வேன். பத்திரத்தில் ஒரு வாக்குமூலம் வேண்டும்."

நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியதும் அந்த இடத்தில் பழைய காற்று ஏறிக்கொண்டது. விஜயரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"எழுதுங்கள். சங்கிலி பொய் சொல்லாது. மூன்று வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. இதில் ஒரு வளையம் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. இதனால் அளந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும், போன வருடக் கிண்ணத்துக்கும், நானே சாட்சி."

பிரிங்மான் எழுதி நீட்டினார். விஜயரத்தினம் கையொப்பமிட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

சந்திரகாந்தி தேத்தண்ணியும் வடையும் வைத்தாள். கதவு மணி அடித்தது.

"ஆர் இந்த நேரத்திலை?"

"என்ரை தம்பி. விளக்கு நிலத்திலை கிடக்கிறது வீட்டுக்குக் கூடாது. மாட்டினவனையே வந்து மாட்டச் சொன்னனான். கோவத்தை விட்டிட்டு வாறன் எண்டவன்."

லவன் தோளில் ஏணியோடு உள்ளே வந்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு வருகிறான். "சுகமோ அத்தான்?" என்றான். மூலையில் பித்தளைச் சங்கிலியோடு கிடந்த விளக்கைப் பார்த்தான். நிலத்தில் கருத்து நீண்டு கிடந்த சங்கிலியைப் பார்த்தான். அதன் நடுவே மினுங்கிய நான்கு வளையங்களையும் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ஏணி எதற்கு?" என்று பிரிங்மான் மரியாதைக்குக் கேட்டார்.

லவன் வடை ஒன்றை எடுத்தான். கட்டைவிரல் படாமல், இரண்டு விரலால். பிறகு ஒரு சொல்லும் பிசகாத நல்ல டொச்சில் சொன்னான்:

"விளக்கை மாட்ட வந்தேன். வீடு குடிபுகுந்த அன்று அதன் சங்கிலி எட்டாமல், கெல்லரில் கிடந்த இந்த நீளச் சங்கிலியிலிருந்துதான் நான்கு வளையம் கழற்றிப் பூட்டினேன். மூன்று வருடம் கழித்தாவது அத்தான் கவனித்துத் திருப்பிப் போட்டிருக்கிறாரே, அதுதான் சந்தோசம்."