தராசில் கை வைத்தேன், மன்னிப்புக் கேட்க மாட்டேன்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, தங்கள் ஒரே தம்பி, தராசு பழுதுபார்ப்பவன், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான், வீட்டுக்காரி, மகள் மூவரும் நலம். தங்கள் நலத்தை விசாரிக்கத் தேவையில்லை. உடம்பு துளிகூடக் குறையவில்லை என்பதில் தொடங்கி அதற்கு நான்தான் காரணம் என்பது வரை குடும்ப வாட்ஸப் குழுவில் குரல் செய்தியாகவே அனுப்பிவிட்டீர்கள். நடுவில் மூச்சு வாங்கியதுகூடத் தெளிவாகக் கேட்டது. நான் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் குழுவில் யார் எதைச் சொன்னாலும் சித்தப்பா உடனே ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டுச் சண்டையின் ருசியையே கெடுத்துவிடுவார். அதனால்தான் காகிதம்.

நீங்கள் கேட்டவை இரண்டு. எடை மிஷினைத் திருத்தி உங்களை ஏமாற்றியதற்குக் குழுவில் எல்லோர் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அடுத்து, என் மகள் வாயாடியை லீவுக்கு உங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் அவள் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டி ஒரே மாதத்தில் அவளை மனுஷியாக்கிக் காட்டுவீர்கள். முடியாது. அதுவும் முடியாது, இதுவும் முடியாது. கடிதத்தை இத்தோடு முடித்திருக்கலாம், ஆனால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

வாயாடி என்று அவளுக்குப் பேர் வைத்ததே நீங்கள்தான். பல் தேய்க்கும்போதே வாயில் நுரையோடு பேசுகிறவள். பதினைந்து வயதில் ஒரு நாள் அந்தப் பேச்சு நின்றுபோனது. போனில் யாரோ ஒருத்தி, பென்சில் மாதிரி இருக்கிறாள், நாள் முழுக்க என்ன சாப்பிட்டேன் என்று காட்டுகிறாள். நானும் எட்டிப் பார்த்தேன்: கொஞ்சம் வெள்ளரித் துண்டு, நிறையப் புன்னகை. அவளைப் பார்த்துவிட்டு இவள் வகுப்புப் பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று படம் எடுத்துப் போடுவார்களாம், யார் இடுப்பு மெலிசு என்று ஓட்டுப் போடுவார்களாம். இவள் போட்ட படத்துக்குக் கீழே எவளோ ஒருத்தி யானைப் படம் போட்டுவிட்டாள். வார்த்தைகூட இல்லை அக்கா, சின்னதாக ஒரு யானை. அன்றிலிருந்து தட்டில் இருப்பதை இங்கேயும் அங்கேயும் நகர்த்துவாள், வாயில் வைக்க மாட்டாள். பள்ளிக்குக் கிளம்பும்முன் குளியலறை வாசலில் கிடக்கும் எடை மிஷினில் ஏறுவாள், முகம் செத்துப்போகும், போய்விடுவாள். திரும்பி வந்ததும் பையைக்கூட இறக்காமல் மறுபடி ஏறுவாள், பிறகு பையைக் கழற்றிவிட்டு ஏறுவாள். காலமெல்லாம் தராசால் பிழைப்பு நடத்துகிறவன் நான். என் வீட்டு மிஷின் கிளிக்கென்றால் காபியை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன்.

உங்கள் பீரோ வைத்தியத்தை நான் பார்க்காதவனா? போனைப் பிடுங்கிக் கடை மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். அது உள்ளே கிடந்து டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. தராசு வாங்கிப் போக வந்த மீன்காரர், "என்னங்க, மிஷினு அழுவுதா?" என்று கேட்டார். இவளுக்கு என்னமோ ஏதோ என்று பதறிய சிநேகிதிகள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்களில் யானைக்காரியும் ஒருத்தி, அவள் அழுததுதான் அதிகம். இவளோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம்கூடப் பேசவில்லை. சரி என்று போனைக் கொடுத்துவிட்டு மிஷினை ஒளித்து வைத்தேன். மறுநாள் பள்ளிப் பையோடு நேராகக் கடைக்கு வந்தவள், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏறி நின்றாள். பின்னால் வெங்காய வியாபாரி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி, "பாப்பா எறங்கினா நான் ஏத்தலாம்" என்கிறார். மிஷினைப் பழைய இடத்திலேயே வைத்தேன். "ஊருத் தராசையெல்லாம் நேராக்குறீங்க, நம்ம பொண்ணு இப்பிடி ஒடிஞ்சு நிக்குறா" என்றாள் வீட்டுக்காரி.

பள்ளியின் மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போனோம். "ஏன், அவளுக்குப் பைத்தியமா?" என்று கேட்டீர்களே, பல் வலிக்கிறது என்று பல் டாக்டரிடம் போனால் இப்படிக் கேட்பீர்களா? வாரம் தவறாமல் போகிறோம், இனியும் போவோம். அந்த அம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல எடையப் பத்தி மட்டும் பேசாதீங்க" என்றார். அக்கா, எடையை விட்டால் எனக்கு வேறென்ன பேச்சு இருக்கிறது? வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டு வாயை மூடிக்கொண்டு எழுந்தேன். கடைசியில் எனக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று வீட்டுக்காரி ஆலோசகரிடம் எனக்கும் சேர்த்து நேரம் கேட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அதைச் செய்தேன். அவள் பள்ளிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம். மிஷினைக் கவிழ்த்து, மூடியைக் கழற்றி, உள்ளே சுருள்வில்லைப் பிடித்திருக்கும் திருகைக் கொஞ்சம் முறுக்கினேன். சும்மா கிடந்தால் முள் பூஜ்யத்தில் நிற்கும், ஆள் ஏறினால் குறைத்துக் காட்டும். நானே சொல்லக் கூடாது, நேர்த்தியான வேலை. இதே வேலையைச் செய்யச் சொல்லி ஒரு பழைய பேப்பர் வியாபாரி நோட்டை நீட்டியபோது அவனைத் தெருக்கோடி வரை செருப்புத் தெறிக்கத் துரத்தியவன் நான். அப்போது சின்னப் பெண்ணாகக் கடையில் எடைக்கற்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த வாயாடி, பார்த்துக் கைதட்டினாள். அப்படிப்பட்டவன்தான் அன்று என் வீட்டு மிஷினில் கை வைத்தேன். என் பிள்ளை சாப்பிட வேண்டும். மறுநாள் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், போய்விட்டாள். அதற்கடுத்த காலை சமையலறை வாசலில் வந்து நின்று, "முட்ட இருக்காம்மா?" என்றாள். வீட்டுக்காரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நான் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்காமலே கொஞ்ச நேரம் வெளியில் நின்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தாங்கள் எழுந்தருளினீர்கள். உங்களை யார் அதில் ஏறச் சொன்னது? ஏறி, "அடியே, நான் எளைச்சுட்டேன்டி!" என்று கூவி, முள்ளைப் படம் எடுத்து, குழுவில் போட்டு, நடைப்பயிற்சியின் பலன் என்று எழுதி, கேட்காதவர்களுக்கெல்லாம் உணவுக் கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்து, வந்து குவிந்த கைதட்டல் படங்களைக் கண்டு பூரித்து, அந்தப் பூரிப்பில் ஒரு முழு கேக்கை வாங்கி, பாதியை எங்களுக்குக் கொடுத்தீர்கள். ஊருக்குப் போய் கிளினிக்கில் ஏறினால் பழைய எடையே நிற்கிறதாம். தராசுக்காரன் வீட்டு மிஷின் தானாகவா கெடும், தம்பிதான் திருகியிருப்பான் என்று கண்டுபிடித்தும்விட்டீர்கள். "கிளினிக் மிஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டீர்கள். கடைசியாக அதை யார் கழற்றிப் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை, தொழில் மரியாதை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு யானைப் படத்தால் சோற்றை விட்ட பெண்ணைத் திருத்தப்போகிறேன் என்கிறீர்கள், கைதட்டல் படத்தால் கேக்கைத் தின்றவர் நீங்கள். உங்கள் போனை எந்தப் பீரோவில் வைக்கலாம்?

ஆகவே மன்னிப்புக் கிடையாது. தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் அதிகாரி வந்து கேட்டாலும் இதையே சொல்வேன், அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள். அவளை அங்கே அனுப்பவும் மாட்டேன். இப்போதும் சில நாள்களில் தட்டில் இருப்பதை நகர்த்துகிறாள். நகர்த்தினால் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பொய் மிஷின் எங்கள் வாசலிலேயே இருக்கும், உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அதில் ஏறாதீர்கள். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தலை வணங்கும், ஆனால் இந்த விஷயத்தில் வணங்காத,
தம்பி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாயாடி கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அப்பா, அது அன்னிக்கே எனக்குத் தெரியும். ஒரே நாள்ல எப்பிடிக் கொறையும்? கடையிலேருந்து எடைக்கல்லக் கொண்டாந்து வெச்சுப் பாத்தேன், அதுவும் எளைச்சிருந்துச்சு. ஒரு கிராம் விட்டுத்தராத மனுஷன் எனக்காகத் தராசுல கை வெச்சிருக்காரேன்னு மொதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அழுகை வந்துச்சு. அப்புறம் பசிச்சுது. அன்னிக்கே கழட்டி நானே சரிபண்ணிட்டேன்" என்றாள். நம்பாமல் எடைக்கற்களை வைத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகில்லை, என்னைவிட நன்றாகவே செய்திருக்கிறாள்.

அப்படியென்றால் நீங்கள் ஏறிய அன்று எங்கள் மிஷின் நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறது. பொய் சொல்வது உங்கள் கிளினிக் மிஷின். ஞாயிற்றுக்கிழமை எடைக்கற்களோடு வந்து அதைச் சரிசெய்கிறேன், அத்தையைப் பார்க்க வேண்டும் என்று வாயாடியும் கூடவே கிளம்புகிறாள், போனோடு. நீங்கள் உண்மையாகவே இளைத்துத்தான் போயிருக்கிறீர்கள் அக்கா. ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.