பல்கலைக்கழகம் போன அடைப்பு

மைக்செட் அண்ணே ஓர் இடத்தில் அசையாமல் நின்றதைப் பார்த்தவர்கள் பினாங்கில் என்னைத் தவிர யாரும் இல்லை. பேசுவதென்றால் நடந்துகொண்டே பேசுவார். கேட்பதென்றால் உங்களையும் நடக்க வைத்துவிடுவார். லிட்டில் இந்தியாவில் கல்யாணமோ காதுகுத்தோ கோயில் திருவிழாவோ, ஒலிபெருக்கி அவருடையதுதான். குவீன் ஸ்திரீட்டில் நின்று அவர் “ஹலோ, ஹலோ” என்று மைக்கைத் தட்டினால் நடுக்கடலில் ஃபெரியில் வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். நம்பலாம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவர் என் காதோடு சொன்ன இரகசியத்துக்குக் கீழ்மாடியிலிருந்து பதில் வந்திருக்கிறது.

நான் இதய நோய் ஆராய்ச்சியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். அப்பா ஜுருவில் லாரி கழுவுகிறார், அம்மா அங்கேயே ஒரு தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கிறார். எங்கள் குடும்பத்தில் முறையாகப் படித்த முதல் ஆள் நான். படம் போட்ட பல்கலைக்கழக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பசாருக்குக்கூடப் போவேன். யாராவது உற்றுப் பார்த்தால், கழற்ற மறந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன்.

அண்ணேயை எனக்கு அறிமுகப்படுத்தியது அவருடைய கழுத்து. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இடப்பக்கக் குழாயில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழியை அடைத்திருந்தன. அதை அறுத்து எடுப்பதாக ஆஸ்பத்திரியில் முடிவாயிற்று. எடுத்ததை எங்கள் ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்று கேட்கப் போனேன். மாரடைப்புக்குக் காரணமான படிவை, நடமாடிக்கொண்டிருக்கும் மனிதரின் நெஞ்சிலிருந்து வெட்டி எடுத்துப் பார்க்க முடியாது. கழுத்தில் படிந்ததைப் பார்த்தால் நெஞ்சுக்குள் நடப்பதும் ஓரளவு புரியும். இப்படி விளக்கிக்கொண்டே அவருடன் வார்டு முழுவதும் நடந்தேன்.

“யுனிவர்சிட்டிக்கா போவுது?”

“ஆமாண்ணே.”

“அங்கியே தங்கிக்குமா?”

“ஆராய்ச்சி முடியற வரைக்கும் இருக்கும்ணே.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்துக் கட்டில்காரரிடம் அறிவித்தார்: “எங்க குடும்பத்துலயே யுனிவர்சிட்டிக்குப் போற மொத ஆளு!”

என் கழுத்தில் அட்டை கனத்தது. நான் பரீட்சை பரீட்சையாக எழுதி நுழைந்த இடத்துக்கு ஒரு கொழுப்புக்கட்டி நேராக வந்து சேர்ந்தது.

அவருக்கு வலப்பக்கக் குழாயிலும் படிவு இருந்தது. அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும், விட்டால் பக்கவாதத்தில் முடியலாம் என்று மருத்துவர் தேதி கொடுத்தார். அண்ணே போகவில்லை. மறுதேதிக்கும் போகவில்லை. ஆனால் அதே கட்டடத்தில் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் கறிபாப் பலகாரப் பொட்டலத்தோடு வந்துவிடுவார், தன் அடைப்பைப் பார்க்க!

குளிர்பெட்டி அறைக்குள் வெளியாட்களை விடமாட்டோம். அதனால் கதவுக் கண்ணாடியைத் தட்டி, “ஹலோ, ஹலோ. வீட்டுல எல்லாரும் சொகம். நீ நல்லா படி” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் என் அம்மா என்னிடம் சொல்வதும் அதே வார்த்தைகள்தான்.

ஒருநாள் தொல்லை தாங்காமல், மெல்லிசாகச் சீவிய ஒரு துண்டின் படத்தைத் திரையில் காட்டினேன். பதறிப்போனார்.

“என்னா தங்கச்சி, இப்படி எளச்சிப் போச்சி? ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லயா?”

“சீவி வச்சிருக்கோம்ணே. இங்க பாருங்க, மேல தோலு மெல்லிசா இருக்கு, உள்ள கூழு மாதிரி இருக்கு. இந்த மாதிரிதான் பட்டுனு வெடிக்கும். வெடிச்ச எடத்துல ரத்தம் கட்டிக்கிட்டு வழிய அடைச்சிரும்.”

“மேல சாது, உள்ளுக்குள்ள கொதிப்பு. அப்படியே என் மச்சான் லா!”

இதைச் சொல்வதற்குள் என் மூன்று பேனாக்களின் மூடியைக் கழற்றி மாட்டி, விளக்கை அணைத்துப் போட்டு, என் அட்டையின் கிளிப்பை டக் டக்கென்று தட்டியிருந்தார். அவருடைய வலக்கை சும்மா இருந்ததே இல்லை.

அடுத்து கோயில் திருவிழா. வழியை மறிக்கும் வெள்ளைக் கார்க்காரரை ஒலிபெருக்கியில் கூப்பிட்ட கையோடு, “நம்ம அடைப்பு யுனிவர்சிட்டியில நல்லபடியா படிச்சிக்கிட்டு இருக்குங்கிறதையும் பக்தகோடிகளுக்குத் தெரிவிச்சிக்கிறேன்” என்றாராம். அந்த வெள்ளிக்கிழமை அவர் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. “எங்களுக்கும் எடம் இருக்கா பாரும்மா” என்றார் ஒருவர். தினமும் எண்ணெய் மிதக்கும் நாசி கண்டார் சோறு சாப்பிடுகிறவராம், மதிப்பெண் குறையாது என்று அண்ணே சிபாரிசு செய்தார். யார் இவர்களெல்லாம் என்று பேராசிரியர் கேட்டார். பெற்றோர் சங்கம் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்கேன் பேச்சை எடுத்தால் மட்டும் மழுப்புவார். “ஒன்ன யுனிவர்சிட்டிக்கு அனுப்பியாச்சி. இன்னொன்னு வீட்டோட இருக்கட்டும் லா.”

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இடப்பக்கத்தை நான் நாள்தோறும் பார்க்கிறவள். வலப்பக்கத்தில் தோல் எவ்வளவு மெல்லிசு என்பது யாருக்குத் தெரியும்? ஒரு வெள்ளிக்கிழமை கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“ஸ்கேன் எடுக்காம இனிமே பாக்க முடியாதுண்ணே.”

“பெத்தவனத் தடுக்கிறியா?”

“தடுக்கிறேன்.”

முகம் சிவக்க நடைவழியின் கோடிவரை போனார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

“அசையாம படுக்கச் சொல்லுவாங்கல்ல?”

“கொஞ்ச நேரந்தாண்ணே.”

“ஆப்பரேஷனுக்கு முந்தி ஒருநா, கோயில்ல சாமி பொறப்படுற நேரம். சத்தத்தக் கொறைக்கலாம்னு கைய நீட்டுறேன், கை போவல. நனஞ்ச துணி மாதிரி தொங்குது. மைக்கு கீழ விழுந்து கீய்ங்குது, ஜனங்க காதப் பொத்திக்கிட்டு ஏசுறாங்க. வாயத் தொறந்தா பேச்சும் வரல. அப்புறம் தானாச் சரியாப்போச்சி. ஆனா அதுலேர்ந்து, சும்மா இருந்தா... இது இன்னும் என் கைதானான்னு சந்தேகமா இருக்கு தங்கச்சி.”

பேனா மூடி, விளக்கு சுவிட்ச், கிளிப். அவர் குறும்பு செய்துகொண்டிருக்கவில்லை. நாள் முழுவதும் தன் கையைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

அட்டையைக் கழற்றி அவர் வலக்கையில் வைத்தேன். “கழுத்துதாண்ணே ஆடக்கூடாது. விரல் ஆடலாம்.”

ஸ்கேன் எடுத்த மலாய் அக்கா, “பாக்சிக், ஜாங்கான் கெராக்,” ஐயா, அசையாதீர்கள் என்று அதட்டிக்கொண்டே இருந்தார். கழுத்து அசையவில்லை. போர்வைக்குக் கீழே கிளிப் மட்டும் டக், டக். திடீரென்று கருவியிலிருந்து அவருடைய இரத்தம் ஓடும் ஓசை வுஷ், வுஷ் என்று அறை நிறையக் கேட்டது. அண்ணே கண்ணைத் திறக்காமல் முணுமுணுத்தார்: “பேஸ் சவுண்டு பத்தல.”

படிவு இருக்கிறது, ஆனால் அறுக்கும் அளவுக்கு இல்லை; மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு அடுத்த வருடம் வந்து காட்டுங்கள் என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் அண்ணேயின் முகம் வாடியது.

“அப்ப இதுக்கு சீட்டு கெடைக்கலியா?”

“கெடைக்கவே வேணாம்ணே!”

சிரித்தார். பிறகு அந்த நடைவழியில், வலக்கையில் என் அட்டையுடன், விரல்கூட அசையாமல் நின்றார்.

இப்போது கடலுக்கு அக்கரையில், சுங்கை பாக்காப்பில் மகள் வீட்டில் இருக்கிறார். தீவுக்கு வருவது குறைந்துவிட்டது. அவர் தட்டித் தட்டி ஆடிப்போன கிளிப்பை நான் மாற்றவில்லை. வெள்ளிக்கிழமைகளில், நடைவழியில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குளிர்பெட்டி அறைக் கண்ணாடியைத் தட்டுகிறேன்.

“ஹலோ, ஹலோ. வீட்டுல எல்லாரும் சொகம். நீ நல்லா படி.”