கமலவேணி கடை வாசலில் ஓர் ஏரி

அறிவு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், அதுவும் அவரவர் தாய்மொழியில் கிடைக்க வேண்டும் என்று மேலிடம் ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தது. அதே திங்கட்கிழமை, புதுச்சேரி சாரத்தில் கமலவேணியின் இட்லிக் கடை வாசலில் இருந்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அன்றைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. பண்ணி வைத்தவர் மதிவாணன்.

மதிவாணன், கட்டற்ற அறிவு வளர்ச்சிப் பிரிவின் கண்காணிப்பாளர். இணையத்தில் அகிலக் களஞ்சியம் என்று ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதில் மாதம் இத்தனை தமிழ்க் கட்டுரை ஏற்ற வேண்டும் என்று அவருக்கு இலக்கு. ஆனால் கடற்கரை, கலங்கரை விளக்கம், கோயில், மாதா கோயில் எல்லாவற்றையும் சம்பளம் வாங்காதவர்கள் அவசரப்பட்டு ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்கள். மனம் நொந்து இட்லி சாப்பிட வந்தவர் கண்ணில் பள்ளம் பட்டது. போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்தார்.

கமலவேணிக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. மனு கொடுத்துக் கொடுத்து அவள் கை ஓய்ந்திருந்தது.

"சார், மூடப் போறீங்களா?"

"பதிவு பண்ணப் போறோம்மா."

"பதிவு பண்ணிட்டு மூடுவீங்களா?"

"மொதல்ல அறிவு வளரட்டும்."

அவள் ஒரு வடை அதிகமாக வைத்தாள்.

ஆபீசில் உட்கார்ந்து ஏற்றும்போது ஒரு சங்கடம். களஞ்சியம் வகை கேட்டது. கடல், ஆறு, அருவி, குளம், ஏரி என்று இருந்ததே தவிர பள்ளம் என்று இல்லை. குளம் என்று போட்டால் படித்துறையின் படம் கேட்டது. ஏரி என்று போட்டார், ஒன்றும் கேட்கவில்லை. கட்டுரை நீளம் போதவில்லை என்றது. 'பழமை வாய்ந்த' என்றும், 'சுற்றுவட்டார மக்களின் வாழ்வோடு பின்னிப் பிணைந்த' என்றும் சேர்த்தார். போன வாரம்தான் ஒருவர் ஸ்கூட்டரோடு அதில் பின்னிப் பிணைந்திருந்தார், ஆகவே பொய் இல்லை. புதுச்சேரியோடு சேர்ந்த மாஹேக்காக மலையாளத்திலும் ஏனாமுக்காகத் தெலுங்கிலும் இயந்திரம் தானே மொழிபெயர்த்துக்கொண்டது.

அடுத்த மாதம் நீர்நிலை மீட்புப் பிரிவிலிருந்து நோட்டீஸ் வந்தது. சாரம் ஏரியின் கிழக்குக் கரையை ஆக்கிரமித்துள்ள இட்லிக் கடையை உரிமையாளர் தாமாகவே முன்வந்து இடித்துக்கொள்ள வேண்டியது.

கமலவேணி பக்கத்துத் தையல்கடை ஜஹபர் நிஷாவைக் கூட்டிக்கொண்டு மதிவாணன் ஆபீசுக்கு ஓடினாள்.

"சார், கடை இருபது வருஷமா இருக்கு. பள்ளம் போன வருஷம் கேபிள்காரன் தோண்டிட்டுப் போனது."

"உங்க கடைக்குக் கட்டுரை இருக்கா?"

"கடைக்கு எதுக்கு சார் கட்டுரை? இட்லி இருக்கு."

"அப்ப ஏரி இருக்குதுன்னுதான் ஆதாரம் இருக்கு. கடை இருக்குதுன்னு இல்ல."

"காலையில அங்கதான சார் சாப்ட்டீங்க?"

"அது சொந்த அனுபவம்மா. களஞ்சியம் ஏத்துக்காது. மூணாவது மனுஷன் சொல்லணும்."

நிஷா குறுக்கே வந்தாள். "ஏரின்னு எழுதினது யாரு சார்?"

"நான்தான். ஆனா மலையாளத்துலயும் தெலுங்குலயும் அதையேதான சொல்லியிருக்கு? மாஹேக்காரனுக்கு உங்க மேல என்னா பகை, பொய் சொல்ல?"

"அது மெஷின் மாத்தினது சார்."

"அதான் நடுநிலைன்றேன். மனசு கேக்கலன்னா நீங்களே திருத்துங்க. கட்டற்றதும்மா."

அன்று சாயங்காலம் நிஷா போனில் 'இது ஏரி அல்ல, பள்ளம்' என்று திருத்தினாள். அடுத்த நிமிஷமே அது காணாமல் போயிற்று. காரணம்: அறிவைக் குறைக்கும் செயல்.

"கொறைக்க விட மாட்டேங்குதுக்கா. கூட்டினா மட்டும் ஒண்ணும் கேக்கறதில்ல."

கமலவேணி மாவைக் கரைத்தபடி யோசித்தாள். "அப்ப கூட்டு."

"எதுவரைக்கும்?"

"அந்தாளு ஆபீஸ் வரைக்கும்."

கட்டுரையில் ஏரி மேற்கே நீண்டது. மதிவாணன் ஆபீசுக்கு நோட்டீஸ் வந்தது. தாம் வளர்த்த அறிவைத் தாமே குறைப்பது விதிமீறல் என்பதால், அவர் ஏரியை வடக்கே நீட்டி நீர்நிலை மீட்புப் பிரிவையும் உள்ளே இழுத்தார். அவர்கள் நேர்மையானவர்கள். தங்களுக்குத் தாங்களே நோட்டீஸ் அனுப்பி, தாங்களே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. இஸ்திரிக் கடை ராஜாங்கம் தன் தம்பி வீட்டை முழுக வைத்தார். தம்பி அண்ணன் வீட்டை முழுக வைத்தான். வீட்டுக்காரர் குடித்தனக்காரரையும், குடித்தனக்காரர் வீட்டுக்காரரையும் ஒரே வீட்டுக்குள் தனித்தனியாக முழுக வைத்தார்கள். பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் சொல்தா இராமதாஸ், அந்தக் காலத்தில் குவர்னர் துரை இந்த ஏரியில் படகு விட்டதாகவும், துடுப்புப் போட்டவர் தன் பாட்டனார் என்றும் சேர்த்தார். தீபாவளிக்குள் ஏரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையை விழுங்கி, தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் கடலைத் தொட்டது. ஏலத்தில் வஞ்சிரத்தை ஏரி மீன் என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டு, கைகலப்பானது.

கமலவேணி கடையை இடிக்க வேண்டிய ஜே.சி.பி. நின்ற கொட்டகையும் ஏரிக்குள் வந்துவிட்டது. ஆக்கிரமிப்பை ஆக்கிரமிப்பால் அகற்ற முடியாது, முதலில் கொட்டகையை இடிக்க வேண்டும், அதற்கு ஜே.சி.பி. வேண்டும் என்று சட்ட ஆலோசனை வந்தது.

இதற்குள் டெல்லியிலிருந்து பாராட்டு வந்தது. இந்திய மொழிகளிலேயே மிக வேகமாக வளர்ந்த கட்டுரை. பாராட்டு விழாவில் மேலதிகாரி கேட்டார், "மக்கள் இப்படித் தாய்மொழியில் எழுதிக் குவிக்க என்ன காரணம்?"

"மொழிப்பற்று, சார்," என்றார் மதிவாணன். எல்லோரும் கை தட்டினார்கள்.

"இதை முழுசாப் படிச்சவங்க கை தூக்குங்க," என்றார் மேலதிகாரி. எல்லோரும் எழுதியவர்கள். ஒரு கையும் மேலே வரவில்லை.

மறுநாள் கமலவேணிக்கு மட்டும் ஒரு கடிதம். கடை நெடுங்காலமாக அங்கே இருப்பது தக்க ஆதாரங்களுடன் நிரூபணமாகியுள்ளதால் நோட்டீஸ் ரத்து செய்யப்படுகிறது. அவள் கடிதத்தோடு தையல்கடைக்குப் போனாள்.

"நிஷா, நம்ம கடை இருக்குதுன்னு எவன் எழுதினான்?"

நிஷா தையல் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். "நான்தாங்க்கா. மொதல்ல இட்லி பஞ்சு மாதிரி இருக்கும்னு போட்டேன். வெளம்பரம்னு தூக்கிட்டாங்க. சாம்பார் மணக்கும்னேன், அதையும் தூக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"இருபது வருஷமா இட்லி கல்லு மாதிரி இருக்குதுன்னு போட்டேன். நின்னுடுச்சு."

"வெறும் பேச்சுக்குப் போட்டதுதான? அதுக்கு எங்கேருந்து ஆதாரம் வந்துச்சு?"

"நான் ஒண்ணும் கேக்கலக்கா. தெருவே வந்து குடுத்திருக்கு. ராஜாங்கம் அண்ணன் போட்டோவே போட்டிருக்காரு."

"என்னா போட்டோ?"

"ஒடஞ்ச பல்லு."