மாமாவின் காரை அவர் முகம் பார்த்து வைத்தேன்

எனக்கு முப்பத்தொன்பது வயதாகிறது. இன்றும் எஸ்கலேட்டர் முன்னால் ஒரு நொடி நின்று, வருகிற படிகளில் நல்ல படியாக ஒன்றைப் பார்த்துத்தான் கால் வைப்பேன். பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். முனகட்டும், நான் விழுந்தால் அவர்களா வந்து மருத்துவமனையில் படுக்கப் போகிறார்கள்? புறாவைக் கண்டால் பயம். பிரஷர் குக்கரைக் கண்டால் பயம். மின்தூக்கி கொஞ்சம் வித்தியாசமாகச் சத்தம் போட்டாலும் இறங்கிப் படியேறிவிடுவேன். இப்படிப்பட்டவன் வேலையிடப் பாதுகாப்பு அதிகாரியானதில் வியப்பில்லை. எங்கள் கம்பெனியில் எல்லாரும் நிம்மதியாக வேலை பார்க்கிறார்கள்; அவர்கள் சார்பில் நான் பயப்படுகிறேன். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இப்போது வெட்கமில்லை. ஆனால் இருபத்தெட்டு வயதில், நித்யாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டபோது, இந்தப் பயம்தான் குறுக்கே வந்து நின்றது.

நித்யாவின் வீடு எங்கள் தீவின் அடுக்குமாடிப் பேட்டைகளில் ஒன்றான ஆங் மோ கியோவில், பன்னிரண்டாவது மாடி. அவள் பெற்றோரை முதல்முறை பார்க்கப் போன அன்று கீழே மின்தூக்கி ‘கிர்ர்’ என்றது. நான் படியேறினேன். கதவைத் திறந்தவர் அவள் அப்பா கதிரேசன். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அந்தக் கையைப் பார்த்தாலே கன்னம் வலிக்கும். வியர்வையில் குளித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் மாம்பழப் பையோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“லிஃப்ட் வேலை செய்யலையா?”

“செய்யுது அங்கிள். சத்தம்தான் சரியில்ல.”

அதற்குமேல் அவர் என்னிடம் பேசவில்லை. ஒரு மணி நேரம் நானும் முறுக்கும்தான் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் நித்யா போன் செய்தாள்.

“அப்பா என்ன சொன்னாரு?” என்றேன்.

“ரொம்பப் பயந்த ஆளா இருக்காரேன்னாரு. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா, இவரு படியேறி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“நான் என்ன சொல்றது? படியேறினது நீதானே! இங்க பாரு அருள், அப்பா சரின்னு சொல்லாம நான் வரமாட்டேன். ஞாயித்துக்கிழமை அவரோட கிளப்புக்கு வா. வீட்ல பேசமாட்டாரு. அங்கதான் மனுஷன் வாயத் திறப்பாரு.”

கிளப் என்றால் சீட்டாட்டமோ கேரமோ என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ரிமோட் கார் பந்தயம். குழந்தைகள் வரவேற்பறையில் ஓட்டுகிற பொம்மை இல்லை இது. ஒரு முழத்துக்கு மேல் நீளம், மூன்று கிலோ கனம், மண்ணைக் கிளப்பிக்கொண்டு பாய்கிற ஜந்து. தீவின் மேற்குக் கோடியில், கிடங்குகளுக்கு நடுவே, மண்ணில் மேடும் பள்ளமும் வளைவும் வைத்து ஒரு பாதை கட்டியிருந்தார்கள். ஓட்டுகிறவர்கள் பத்துப் பேரும் ஓர் உயரமான மேடையில் வரிசையாக நின்று ரிமோட்டைப் பிடிப்பார்கள். கீழே கார்கள் பறக்கும். (பறக்கும் என்பது அணிநயம் இல்லை. மண்மேட்டில் ஏறி, நிஜமாகவே காற்றில் போகும்.)

நான் முழங்கால் வரை சாக்ஸ் இழுத்துவிட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். நித்யா கூடாரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா ஓர் இடுக்கியோடு காரைக் கவிழ்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் லிம் அங்கிள் என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு பெரியவர். ஆறு வருடமாக லிம்தான் சாம்பியன். ஆறு வருடமாக அடுத்த இடம் கதிரேசன். அந்த வருடம் கணக்கு மாறியிருந்தது. அன்றைய கடைசிப் பந்தயத்தில் லிம்முக்கு முன்னால் வந்துவிட்டால் கோப்பை கதிரேசனுக்கு. இதை நித்யா என் காதில் சொன்னாள்.

“வாங்க தம்பி,” என்றார் அவர், இடுக்கியைக் கீழே வைக்காமலே. “சும்மா நிக்கவேண்டாம். என் பழைய வண்டி இருக்கு, புதுசா வர்றவங்க பந்தயத்துல ஓட்டுங்க.”

ஓட்டினேன். ஓட்டினேன் என்று சொல்வது அந்தக் காருக்கு அவமானம். ஐந்து நிமிடத்தில் நாலு நிமிடம் அது மல்லாக்கப் படுத்து நாலு சக்கரத்தையும் வானத்தைப் பார்த்துச் சுழற்றிக்கொண்டிருந்தது. கடைசி இடம். ஆனாலும் உயிரோடு முடிந்ததே என்று மேடையிலிருந்து இறங்கினேன். இறங்கியதும் ரோஸ்லி என்கிற மலாய்க்கார நண்பர் சிரித்த முகத்தோடு என் கையில் ஓர் ஆரஞ்சு வெஸ்ட்டைக் கொடுத்தார்.

அந்த விளையாட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒரு பந்தயம் ஓட்டியவர்கள் அடுத்த பந்தயத்துக்கு மார்ஷல் நிற்கவேண்டும். அதாவது பாதையின் வளைவுகளில் ஆளுக்கு ஓரிடத்தில் நின்று, எந்தக் கார் கவிழ்ந்தாலும் ஓடிப்போய் நிமிர்த்தி வைக்கவேண்டும். மற்ற கார்கள் நிற்கமாட்டா. அவை வந்துகொண்டேதான் இருக்கும். நீங்கள்தான் நடுவில் புகுந்து, எடுத்து, வைத்து, தப்பித்து வரவேண்டும்.

“தடுப்பு ஏதாவது இருக்கா? கால் கவசம்?” என்று கேட்டேன்.

“ஷூஸ் போட்டிருக்கீங்கள்ல? போதும் லா,” என்றார் கதிரேசன். அவர் பார்வை என் சாக்ஸ்மேல் ஒரு நொடி நின்றது.

எனக்குக் கிடைத்த இடம் மேடைக்கு நேர் எதிரே, மறுகோடியில். மேடையடியிலிருந்து கிளம்பும் நீண்ட நேர்பாதை, நடுவில் ஒரு மண்மேடு தாண்டி, என் காலடி வரை வந்துதான் வளையும். அதாவது பத்துக் கார்களும் என்னைக் குறி வைத்தே வரும், கடைசி நொடியில் மனசு மாறித் திரும்பும். மனசு மாறாவிட்டால்? எங்கள் கம்பெனியில் அப்படி ஓர் இடம் இருந்திருந்தால் அன்றே சீல் வைத்திருப்பேன். தூரத்தில் மேடைமேல் கதிரேசன் தெரிந்தார். அவர் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் என்னைப் பார்ப்பதுபோலவே இருந்தது.

அன்றைய கடைசிப் பந்தயம் தொடங்கியது. முதல் சுற்றிலேயே நான் மூன்று தடவை குதித்தேன், ஒரு கார்கூட என்னைத் தொடாமல். இரண்டாவது சுற்றில் ஒன்று என் ஷூவை உரசிக்கொண்டு போனது. ‘அம்மா’ என்று கத்தினேன். நல்லவேளை, சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நித்யா மட்டும் கூடாரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அதைப் பார்த்துச் சிரிக்க முயன்றேன். சிரிப்பு வரவில்லை.

மைக்கில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. கதிரேசன் முதலிடம். லிம் இரண்டாமிடம். ரோஸ்லி மூன்றாமிடம். இன்னும் இரண்டு சுற்று. எனக்கு வேண்டியதெல்லாம் அவருடைய மஞ்சள் கார் என் வளைவைப் பத்திரமாகத் தாண்டிப் போகவேண்டும், அவ்வளவுதான். முருகனிடம் கேட்டேன். மஞ்சள் கார் மண்மேட்டில் ஏறியது, காற்றில் ஒருக்களித்தது, எனக்குப் பத்தடி முன்னால் நேர்பாதையின் நடுவில் மல்லாந்து விழுந்தது.

“மார்ஷல்!” மேடையிலிருந்து ஒரு குரல். அந்தக் குரலை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். “மார்ஷல்! மார்ஷல்!”

ஓடினேன். எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கார்கள் சீறிக்கொண்டு போயின. குனிந்து அந்தக் காரைத் தூக்கினேன். சக்கரங்கள் ‘வ்வ்வீ’ என்று என் முகத்துக்கு நேரே சுழன்று வாய் நிறைய மண்ணைப் போட்டன. அதை எங்கேயாவது எறிந்துவிட்டு ஓடிப்போகலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் இது அவருடைய கார். அவருடைய ஆறு வருடம். என்னுடைய நித்யா.

அப்போதுதான் என் வளர்ப்பு வேலையைக் காட்டியது. பெரியவர்களிடம் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும், அவர்கள் முகத்தைப் பார்த்து, அவர்கள் பக்கம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று சின்ன வயதிலிருந்து என் அம்மா பழக்கியிருந்தார். திருநீற்றுத் தட்டோ தேநீர்க் கோப்பையோ, எதுவானாலும் அப்படித்தான். மூளை வேலை நிறுத்தம் செய்துவிட்ட அந்த நொடியில் கை மட்டும் தன் பழக்கத்தைச் செய்தது. நான் காரை இரண்டு கையாலும் ஏந்தி, மேடையை நோக்கிக் குனிந்து, அதன் முகம் அவரைப் பார்க்கும்படி மிகுந்த மரியாதையோடு தரையில் வைத்தேன். லேசாகத் தலைகூட வணங்கினேன்.

பந்தயம் அவரை விட்டு விலகி என் பக்கமாக அல்லவா வந்துகொண்டிருந்தது!

நாலு சக்கரமும் தரையைத் தொட்டதும் அவர் விரல் தானாகவே அழுத்திவிட்டது. அத்தனை வருடப் பழக்கம் அவருக்கும். மஞ்சள் கார் வந்த வழியே, முழு வேகத்தில், தன் எஜமானரைத் தேடிப் புறப்பட்டது. எதிரே மண்மேட்டைத் தாண்டி லிம்மின் சிவப்புக் கார் காற்றில் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. மஞ்சள் மூடி ஒரு பக்கம், சிவப்பு மூடி ஒரு பக்கம், நாலைந்து சக்கரங்கள் எல்லாப் பக்கமும் போயின. அவற்றின் நடுவே ரோஸ்லியின் கார் புகுந்து போய் முதலிடம் பிடித்தது. அதில் ரோஸ்லிக்கே சந்தோஷமில்லை. பரிசு வாங்கும்போது மன்னிப்புக் கேட்பவர்போல நின்றார். நானோ வளைவிலேயே, ஆரஞ்சு வெஸ்ட்டோடு, கையில் ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு நின்றேன். போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று மட்டும் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. நித்யா கூடாரத்தில் இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள்.

கதிரேசன் மேடையிலிருந்து இறங்கினார். மெதுவாக, பாதையின் குறுக்கே நடந்து வந்தார். பின்னாலேயே லிம்மும் வந்தார். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். சுற்றிலும் வேலி.

“தம்பி,” என்றார். குரல் தாழ்ந்து இருந்தது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “வண்டிய ஏன் என்னைப் பாத்து வச்சீங்க?”

பொய் எதுவும் வாயில் வரவில்லை. “மரியாதைக்கு, மாமா,” என்றேன்.

அதுவரை அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டு வந்தேன். மாமா எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியாது. “வாட் ஹீ சே?” என்று லிம் கேட்டார். கதிரேசன் ரொம்ப நேரம் யோசித்து, “ஹீ சே ரெஸ்பெக்ட்,” என்றார்.

லிம் தன் உடைந்த காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதிரேசனைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். “வாஹ்! சோ மெனி இயர்ஸ் நோபடி ஹியர் ரெஸ்பெக்ட் யூ! திஸ் ஒன் யூ மஸ்ட் டேக், லா!”

கதிரேசன் சிரிக்கவில்லை. தன் வேனில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஃபேரர் பார்க் வரை ஓட்டினார். நான் சீட் பெல்ட்டை மூன்று முறை சரிபார்த்தேன். ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரிக் மூன்று சொன்னார். பாதி குடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“கோப்பைய அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நீங்க பயந்த ஆளுன்னு நெனச்சேன். அத்தனை வண்டி வர்றப்ப, என் வண்டிக்காக யோசிக்காம நடுவுல ஓடி வந்தீங்களே, அத நான் மேலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.” தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்பா அம்மாவ எப்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றீங்க?”

நித்யா மேசைக்கு அடியில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தேநீர் சூடு என்று சமாளித்தேன். (அன்று நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் ஓடினேன் என்பதை மாமாவிடம் இதுவரை சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். இரண்டு பேரக்குழந்தைகள் இருக்கிறார்கள், இனிமேல் பெண்ணைத் திருப்பி வாங்க முடியாது.)

அடுத்த ஆண்டு கல்யாணம். தாலி கட்டும்வரை ஒரு குறையும் இல்லை. அதன்பின் நித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியை வலம் வரவேண்டும். எதிரே ஐந்நூறு பேர், முன்னால் நெருப்பு, தோளில் நழுவும் அங்கவஸ்திரம், அது போய் நெருப்பில் பட்டுவிட்டால் என்ற பயம். தீயணைப்புக் கருவி மண்டபத்தில் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடிக்கொண்டே நடக்கத் தொடங்கினேன். வலமாக அல்ல, இடமாக.

ஐயர் வாயைத் திறப்பதற்குள், மூன்றாவது வரிசையில் பட்டுக் குர்த்தா போட்டு உட்கார்ந்திருந்த லிம் எழுந்து நின்று கத்தினார். “மார்ஷல்!” அவரோடு கிளப் ஆட்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். “மார்ஷல்! மார்ஷல்!” நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணவறைக்கு ஓடி வந்தார். வரும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, அப்படியே திருப்பி, சரியான திசையில் நிறுத்தி, கையை எடுத்துவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

வீடியோ எங்கள் வீட்டில் இருக்கிறது. தீபாவளிக்கு யார் வந்தாலும் அதைப் போடச் சொல்வார்கள். தாலி கட்டுகிற இடத்தை இதுவரை ஒருவரும் முழுதாகப் பார்த்ததில்லை. எல்லாரும் ஓடவிட்டு நேரே மாமா ஓடி வருகிற இடத்துக்குத்தான் போகிறார்கள்.