மணாலி போய்வந்த சம்பந்தி

எங்கேயாவது ஒரே ஒரு தரம் போய்விட்டு, திரும்பும்போது அந்த ஊரையே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிற மனிதர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாதவர்களா? குற்றாலம் போனவர் உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தாலே அருவியைப் பற்றி ஆரம்பிப்பார். அவரையாவது குழாயை மூடி நிறுத்தலாம். மணாலி போனவரை?

ஆரணியில் அப்படி ஒருவர் தசரதன். பெரணமல்லூர் எல்லப்பன் மகன், பட்டுத் தறிக்காரர். போன கோடையில் மணாலி போனார். மலையைப் பற்றி வண்டிக்காரன் சொன்னதை எல்லாம் விழுங்கிக்கொண்டு வந்தார். அன்று முதல் சோற்றில் குழி பறித்து, "இதான் மலை மேல கிண்ணம் மாரி பள்ளம். பனி வியுந்து வியுந்து ஐஸா இறுகி, தன் கனத்துலயே நவுரும். நவுந்துகினே மலையத் தோண்டும்" என்பார். மனைவி பரிமளா அந்தக் குழியில் சாம்பார் ஊற்றினால் இன்னும் குஷி. "ஐஸு உருகினா அங்க இப்பிடித்தான் ஏரி நிக்கும்!"

சாம்பார் ஆறிவிடும். அவர் ஆறமாட்டார்.

மகள் சத்யப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. புதன்கிழமை, பன்னிரண்டு அடித்தால் ராகு காலம். மாப்பிள்ளையின் அம்மா முனியம்மாள் லேசுப்பட்டவள் அல்ல. மூத்த மகனுக்குத் தட்டு மாற்ற நேரம் தவறியது என்று ஒரு சம்பந்தத்தையே விட்டுவிட்டு எழுந்து வந்தவள்.

"இன்னிக்கு ஒரு நாளு மலையப் பத்தி வாயத் தொறக்காதீங்க" என்று கும்பிட்டாள் பரிமளா.

"நான் இன்னா கொயந்தையா?"

கண்ணமங்கலத்திலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். தட்டுகள் தயார். அப்போது மாப்பிள்ளையின் அப்பா சடையப்பன் வெள்ளந்தியாகக் கேட்டார்: "மணாலி போனீங்களாமே, சம்பந்தி?"

பரிமளா அவசரமாகக் கடிகாரத்தைக் காட்டினாள்.

தசரதன் மாப்பிள்ளை வீட்டுத் தட்டிலிருந்த அரக்குப் பட்டுப் புடவையை எடுத்து, பாயில் விரித்து, தறிக்காரன் கையால் மடிப்பு மடிப்பாக உயர்த்தினார். "இது மலைங்க. ஆறு ஓடினா பள்ளம் இப்பிடி அடியில கூரா இருக்கும். பனியாறு எறங்கினா?" மஞ்சள் பூசிய தேங்காயை அந்த மடிப்புக்குள் அழுத்தி இழுத்தார். கூரான பள்ளம் தொட்டில் போல அகன்றது. பட்டின் மேல் நீளமாக ஒரு மஞ்சள் கோடு.

"பாத்தீங்களா! ஐஸுக்கு அடியில மாட்டிகினு வர்ற கல்லு, பாறைய இப்பிடித்தான் கீறும்!"

"ஐயோ, எங்க பொடவ!" என்றாள் முனியம்மாள்.

அவர் காதில் விழுந்தால்தானே? கொட்டைப்பாக்கை எல்லாம் தேங்காயால் தள்ளிக்கொண்டு போய் முந்தானை ஓரம் குவித்தார். "தள்ளிகினு வந்த கல்ல இங்க கொட்டிட்டு ஐஸு உருகிடும். கல்லு மட்டும் கரை மாரி நிக்கும்."

மணி பன்னிரண்டைத் தொடப்போகிறது. சடையப்பன் மெல்லக் குனிந்தார். போச்சு, சம்பந்தம் போச்சு என்று பரிமளா கண்ணை மூடிக்கொண்டாள்.

சடையப்பன் நாலு பாக்கை எடுத்துப் பள்ளத்தின் ஓரமாக வரிசையாக வைத்தார். "பக்கத்துலயும் நிக்கும், சம்பந்தி. பத்ரிநாத் போனப்போ நான் பாத்தேன்."

முனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்க வூட்லயுமா?" என்றாள் பரிமளா.

"ஏன் கேக்கறீங்க, பேஜாரு! இட்லிய நறுக்கி மலையாக்காம தின்னதே இல்ல."

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதற்கு மேல் ஜாதகமே தேவைப்படவில்லை.

"அப்பா, மலையக் குடுங்க" என்று சத்யப்ரியா புடவையை உருவினாள். "மஞ்சள் பட்டா நல்லதுதாம்மா, ஜல்தி மடி" என்றாள் முனியம்மாள். அம்மாக்கள் இருவரும் தட்டு மாற்றினார்கள், குங்குமம் வைத்துக்கொண்டார்கள், பாயசத்துக்கே போய்விட்டார்கள்.

வெறும் பாயில் விரலால் மலை வரைந்துகொண்டிருந்த தசரதன் நிமிர்ந்தார். "தட்டு எப்ப மாத்தறது?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆமாம், போன லீவுக்கு நீங்கள் எங்கே போனீர்கள்?

பாருங்கள், போனை எடுத்துப் படம் காட்ட வந்துவிட்டீர்கள்.