முருங்கை போலீஸ்

கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் பக்கத்து லேபில் ரத்தம் எடுக்கும் அந்த மனிதருக்கு மோப்ப நாய் தேவையில்லை. ஒரு துளி ரத்தம் போதும், நம் வீட்டுச் சமையலறையையே காட்டிக்கொடுத்துவிடுவார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்கே அவர் முருங்கை போலீஸ்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் காவ்யாவுக்குப் போன வருஷம் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டிக்கொண்டது. கட்டி நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். முதலில் ஊசி, பிறகு ரத்தத்தை உறையவிடாத மாத்திரை. ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று வாராவாரம் லேபில் பார்க்கும் எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

முதல் வாரம் ஒன்றேகால்.

போலீஸ் கண்ணாடியை இறக்கினார். "ஏனுங்க, புள்ளைக்கு முருங்கைக்கீரை குடுக்கறீங்களா?"

ரத்தம் ஊறட்டும் என்று வீட்டு மரத்தையே மொட்டையடித்திருந்தேன். காலையில் அடை, மதியம் பொரியல், இரவு சூப்.

"காப்பில மட்டுந்தாங்க போடல," என்று போட்டுக்கொடுத்தாள் காவ்யா.

அவர் குதித்தார். "ரத்தத்துல ஒறைய வெக்கற கோஷ்டி, தடுக்கற கோஷ்டின்னு ரண்டு இருக்குதுங்க. உங்க புள்ளைக்குத் தடுக்கற பக்கம் பொறப்புலயே ஆள் கொறவு. அதனால எதிர்க்கோஷ்டிக்கு வைட்டமின் கே கெடைக்காம டாக்டரு பட்டினி போடறாரு. நீங்க கீரையில அதையே போட்டுப் பந்தி வெக்கறீங்க!"

அன்றே மரத்தை வெட்டினேன். கொத்தமல்லியைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பினேன். அடுத்த வாரம் நாலரை! பல் தேய்த்தால் ரத்தம்.

"உங்கள யாருங்க அடியோட நிறுத்தச் சொன்னது?" என்று தலையில் அடித்துக்கொண்டார். "மொதல்ல டாக்டரக் கூப்புடுங்க!"

டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். மறுநாள் காலை போலீஸ் எங்கள் ஊர் வடகரப்பதிக்கே பைக்கில் வந்து, சமையலறைக்குள் புகுந்து, ஒரு குழிக்கரண்டிக்கு அடையாளமாகக் காவ்யாவின் சிவப்பு நெயில்பாலிஷைப் பூசினார்.

"தெனமும் ஏதாச்சும் கீரை இதுல ஒரு கரண்டி. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. அதுக்குத் தக்கன டாக்டரு மாத்திரைய அளந்து குடுப்பாரு."

மூன்றாவது வாரம் ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திருக்கத் தைரியமில்லாமல் ஊருக்குப் பஸ் ஏறினோம். பஸ் நகர்ந்ததும் பின்னால் கூச்சல். நடுரோட்டில் போலீஸ் ஓடிவருகிறார். காவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் பிரேக் போட்டார்.

படியில் தொங்கி, மூச்சிரைக்க, பஸ் முழுவதற்கும் அறிவித்தார்: "ரண்டரைங்க! ரண்டரை!"

"எங்கீங்க போகோணும்?" என்றார் கண்டக்டர்.

"எங்கயுமில்லீங்க," என்று காவ்யாவின் தலையைத் தொட்டுவிட்டு இறங்கினார்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். திரும்பி நடக்கும் அவருக்கு ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.